விருப்பாட்சி வழக்கு: நிலவுரிமையும் ஆயுத எதிர்ப்பின் சட்டமும்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் ஏறக்குறைய பாதியை இழந்தார். மராட்டியரும் ஹைதராபாத் நிஜாமும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்கு மலபார், பாராமகாலோடு திண்டுக்கல் சீமையும் வந்து சேர்ந்தது. அந்தச் சீமையின் மேற்கே பழனி மலை. மலையடிவாரத்தில், பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே விருப்பாட்சி. இன்று அந்த ஊர் மலைவாழைப்பழத்துக்கும் தலையூத்து அருவிக்கும் பெயர் போனது. அதன் பாளையக்காரர் கோபால் நாயக்கரை, உடன்படிக்கைக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1801 செப்டம்பர் 5 அன்று கும்பினி திண்டுக்கல்லில் தூக்கிலிட்டது.

செய்த குற்றம் கலகம். ஆனால் கலகம் என்றால் தன் அரசுக்கு எதிராகச் செய்வது. கும்பினி அவருடைய அரசா? இல்லையென்றால் அவர் செய்தது போர், பிடிபட்டவர் போர்க்கைதி, கைதியைத் தூக்கிலிட அன்றைய ஐரோப்பியச் சட்டத்திலேயே இடமில்லை. தூக்குக் கயிறா, கைதிக்குரிய மரியாதையா என்பது மண் யாருடையது என்ற கேள்வியில் போய் நிற்கிறது. விருப்பாட்சி வழக்கை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால் காஷ்மீர், ஈழம், பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் சட்டம் இன்று எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதும் விளங்கும்.

மலையில் உரிமை கோருவோர் வரிசை நீளமானது. மேல்மலையிலும் கீழ்மலையிலும் கல்திட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. கட்டியவர்கள் யார் என்று அந்தக் கற்கள் சொல்வதில்லை. காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர் உண்டு. பயிர் செய்த புலையர் உண்டு. பின்னால் கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குன்னுவர், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மலையூர்களில் நிலை பெற்றார்கள். புலையரை அவர்கள் பண்ணையடிமைகளாக வைத்திருந்ததை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. 1821-இல் மலையை அளந்த லெப்டினன்ட் வார்டு வந்தபோதே, வந்தேறி யார், பூர்வகுடி யார் என்ற வாதம் மலைக்குள் பழசாகியிருந்தது.

இதற்கெல்லாம் மேலே பாளையம். மதுரை நாயக்கர் அமைத்த பாளையப்பட்டுகள் எழுபத்திரண்டு என்பது வழக்கு. பாளையக்காரர் மேலே பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டினார், படை கொடுத்தார். கீழே காவல் வரி வாங்கினார், வழக்குத் தீர்த்தார், கோட்டை வைத்திருந்தார். இதை அரசுரிமை என்பதா, அரசன் கொடுத்த உத்தியோகம் என்பதா? கும்பினி அதிகாரிகள் இரண்டாவதைத்தான் சொன்னார்கள், அதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. ஆனால் மதுரை நாயக்கர் ஆட்சி 1730-களில் முடிந்தது. பிறகு சந்தா சாகிபு, மராட்டியர், ஆற்காட்டு நவாபு என்று மேலே இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1755-இல் மைசூரின் பவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலியும் அந்த வரிசையில் ஒருவர்தான். மேலே ஆள் மாறியபோதெல்லாம் கீழே பாளையம் தொடர்ந்தது. வாங்குகிறவன் யாரானாலும் கப்பம் கட்டிவிட்டுத் தன் ஊரைத் தானே ஆள்வது என்பது பாளையக்காரர் புரிந்துகொண்ட ஒப்பந்தம். 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இந்த விருப்பாட்சிக்குத்தான். ஹைதரின் படையுதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்கும் வரை அவருக்கு ஆதரவு இங்கிருந்து கிடைத்தது. உத்தியோகஸ்தன் எவனும் இன்னொரு நாட்டு அரசிக்கு அடைக்கலம் கொடுப்பதில்லை.

கும்பினி வந்ததும் இந்த ஒப்பந்தம் முறிந்தது. கலெக்டர் ஹர்டிஸ் காலத்தில் நிலம் அளக்கப்பட்டது, கிஸ்தி கூட்டப்பட்டது, பாக்கி வைத்த பாளையங்கள் பறிக்கப்பட்டன. முன்பு மேலே இருந்தவனுக்குப் பணம் போதும். இவர்களுக்கு ஊரும் வேண்டியிருந்தது.

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்று இருக்கிறது, நம் வரலாற்றுப் பேச்சில் பெரும்பாலும் தவறிப்போவது. 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது திருநெல்வேலிச் சீமை சட்டப்படி கும்பினியுடையது அல்ல. 1792-இல் நவாபோடு செய்த ஒப்பந்தம் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் பொறுப்பைத்தான் கும்பினிக்குக் கொடுத்தது. அரசுரிமை நவாபு பெயரிலேயே இருந்தது. வசூல்காரன் பாக்கிக்காரனைத் தூக்கிலிட்டான் என்பதுதான் அதன் சட்டப் பொருள். நவாபின் கர்நாடகம் கும்பினி கைக்குப் போனது 1801 ஜூலை 31 உடன்படிக்கையில். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 24. அதாவது அவர்கள் போரைத் தொடங்கியபோது நவாபு நாட்டுக் குடிகள். தூக்கு மேடை ஏறியபோது கும்பினியின் குடிகள். இடையில் அவர்களைக் கேட்காமல் ஒரு கையெழுத்து. கோபால் நாயக்கரின் கதை இரண்டிலும் சேராது. திண்டுக்கல் போரில் வென்று உடன்படிக்கையில் வாங்கிய மண். வெற்றி உரிமை தரும் என்று உலகமே ஒப்புக்கொண்ட காலம் அது. எனவே மூன்று தூக்குகளில் கும்பினிக்குச் சட்டபலம் அதிகம் இருந்தது விருப்பாட்சி வழக்கில்தான். நமக்குக் கசந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் தனியாக எழவும் இல்லை. 1800-இல் திண்டுக்கல் பாளையங்களும் கொங்கும் சேர்ந்து திட்டம் போட்டன. ஹைதரின் பழைய படைவீரர் தூந்தாஜி வாக் வடக்கே கும்பினியோடு மோதிக்கொண்டிருந்தார். அவரிடம் தூது போனது. ஜூன் 3 அன்று, முஹர்ரம் நாட்களில், கோவைக் கோட்டையைத் தாக்குவது என்று ஏற்பாடு. சேதி முன்கூட்டியே கசிந்தது. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இராணுவ விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பர் 10 அன்று தூந்தாஜி கொல்லப்பட்டார். 1801 தொடக்கத்தில் கர்னல் இன்னஸின் படை விருப்பாட்சியைப் பிடித்தது. கோபால் நாயக்கர் மலைக்காட்டை நம்பிப் போராடி, சில மாதங்களில் அகப்பட்டார்.

அவர் சிறையில் இருந்த நாட்களில், 1801 ஜூன் 16 அன்று, திருச்சிராப்பள்ளியில் நவாபின் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து அழைத்த அந்த அறிக்கையைச் சட்ட ஆவணமாகப் படிக்கலாம். நவாபு முகமது அலி ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தது மடத்தனம், அவர்கள் வஞ்சகமாக நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள், எனவே அவர்களுக்குக் கீழ்ப்படிய யாருக்கும் கடமையில்லை என்பது அதன் வாதம். வஞ்சகத்தால் பெற்ற கைமாற்றம் செல்லாது என்று எந்தச் சிவில் நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும். பழைய ஆட்சிமுறை திரும்ப வேண்டும் என்றும் அது கேட்கிறது. இன்று நாம் சொல்லும் பொருளில் தேசம் என்பது அதில் முழுதாக இல்லை. 1800–1801 எழுச்சியை முதல் விடுதலைப் போர் என்று வரலாற்றறிஞர் கே. ராஜய்யன் 1971-இல் நூல் எழுதி நிறுவினார். எழுச்சியின் பரப்பைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கும்பினிப் பக்கம் நின்றதையும், காவல் வரி கட்டிக் களைத்த குடியானவன் எந்தப் பக்கம் நின்றான் என்று யாரும் கேட்டு எழுதவில்லை என்பதையும் கணக்கில் எடுத்தால், ஒரே தேசம் ஒரே குரலில் எழுந்தது என்று எழுதக் கை கூசுகிறது.

இன்னொரு விஷயம். 1792-இல் திண்டுக்கல்லை வாங்கிய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், பதினோரு ஆண்டுகளுக்கு முன் யார்க்டவுனில் அமெரிக்கப் படையிடம் சரணடைந்தவர். அமெரிக்கரும் தம் மன்னனுக்கு எதிராக ஆயுதம் எடுத்த குடிகள்தான்; சட்டப்படி கலகக்காரர்கள். ஆனாலும் பிரிட்டன் அவர்களைக் கைதிகளாக நடத்தியது, கடைசியில் நாடாகவே ஒப்புக்கொண்டது. சுவிட்சர்லாந்துச் சட்டவறிஞர் வாட்டெல் 1758-இல் வெளியான தன் நூலில், உள்நாட்டுப் போரால் ஒரு நாடு இரண்டாகப் பிளந்தால் இரு தரப்பும் போர்விதிகளை மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்குக்குத் தூக்கு என்று முடிவில்லாமல் போகும் என்று எழுதியிருந்தார். வாஷிங்டனுக்குக் கிடைத்த அந்த வாதம் கோபால் நாயக்கருக்குக் கிடைக்கவில்லை. வாஷிங்டனிடம் பிரெஞ்சுக் கடற்படை இருந்தது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தெற்கில் ஆயுதங்களைத் தடை செய்தது, கோட்டைகளை இடிக்கச் சொன்னது. எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார் ஆனார்கள்.

இனி நம் காலத்துச் சட்டத்துக்கு வருவோம். 1960-இல் ஐ.நா. பொதுச்சபையின் 1514-ஆவது தீர்மானம் குடியேற்ற ஆட்சியை அடிப்படை உரிமை மறுப்பு என்றது. 1970-இன் 2625-ஆவது தீர்மானம், சுயநிர்ணய உரிமையைப் பலாத்காரமாக மறுக்கும் அரசை எதிர்க்கும் மக்கள் வெளியுதவி நாடலாம் என்றது. அதே மூச்சில், ஒழுங்காக ஆளப்படும் நாட்டைத் துண்டாட இதைக் காரணம் காட்டக்கூடாது என்றும் சொன்னது. 1982-இன் 37/43-ஆவது தீர்மானம் ஆயுதப் போராட்டம் உட்பட எல்லா வழிகளையும் ஏற்றது. பாலஸ்தீனத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பொதுச்சபைத் தீர்மானங்கள் நாடுகளைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றால் ஜெனிவா ஒப்பந்தங்களுக்கான 1977-இன் முதலாம் கூடுதல் நெறிமுறை. குடியேற்ற ஆதிக்கம், அந்நிய ஆக்கிரமிப்பு, இனவாத ஆட்சி ஆகிய மூன்றுக்கும் எதிரான போரை அதன் 1(4) பிரிவு சர்வதேசப் போர் என்கிறது. போராளி பிடிபட்டால் போர்க்கைதி. 1801-இல் இந்தப் பிரிவு இருந்திருந்தால் கோபால் நாயக்கர் அதற்குள் வந்திருப்பார் என்பது என் முடிவு.

ஆனால் அந்த நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. இலங்கை, பாகிஸ்தான், இஸ்ரேல், அமெரிக்கா எதுவும் சேரவில்லை. யாருக்கு எதிராக இது பயன்படுமோ அவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். ஒரு விடுதலை இயக்கம் இந்த நெறிமுறையின் கீழ் கொடுத்த உறுதிமொழி முறைப்படி ஏற்கப்பட்டது 2015-இல்தான். அது மேற்கு சஹாராவின் பொலிசாரியோ. அதற்கும் காரணம் மொராக்கோ முன்பே நெறிமுறையை ஏற்றிருந்தது.

இந்தியாவின் நிலையில் இரட்டை வழக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. 1974-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு நாம். 1971-இல் முக்தி வாஹினிக்குப் பயிற்சி கொடுத்தோம். 1983-க்குப் பின் ஈழ இயக்கங்களுக்கும் கொடுத்தோம். 1979-இல் மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்ந்தபோது மட்டும், சுயநிர்ணய உரிமை அந்நிய ஆட்சிக்குட்பட்ட மக்களுக்குத்தான், சுதந்திர நாட்டின் ஒரு பகுதிக்கு இல்லை என்று குறிப்பு எழுதிவைத்தோம். பிரான்சும் ஜெர்மனியும் நெதர்லாந்தும் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தன. அதற்கு முன்பே, 1963-இல், பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் பிரிவினைப் பேச்சைத் தடுத்தது. திராவிட நாடு கோரிக்கையை தி.மு.க. கைவிட்டது அந்தச் சமயத்தில்தான்.

அந்த 1979 குறிப்பு யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதற்கு விடை இதே பழனி மலையின் மேலே, கொடைக்கானலிலேயே இருக்கிறது. கோகினூர் பங்களா என்றால் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவை அரசு காவலில் வைத்திருந்த வீடு. 1947 அக்டோபரில் பழங்குடிப் படை ஸ்ரீநகரை நெருங்கியபோது இந்தியாவுக்காக மக்களைத் திரட்டியவர்; 1953 ஆகஸ்டில் அதே இந்தியாவால் பதவி பறிக்கப்பட்டுச் சிறைக்குப் போனவர். 1964-இல் விடுதலையானார். அடுத்த ஆண்டு அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்துவிட்டு ஹஜ் முடித்துத் திரும்பியவரை 1965 மே மாதம் டெல்லி விமான நிலையத்திலேயே பிடித்து, ஊட்டிக்கும் பிறகு கொடைக்கானலுக்கும் அனுப்பினார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ஏரியும் யூகலிப்டஸ் காற்றும் உள்ள ஊர் என்பதால் சிறை சிறையில்லாமல் ஆகிவிடாது.

அவர் இங்கே தெற்கில் அடைபட்டிருந்த ஆகஸ்டில்தான் பாகிஸ்தான் ஆயுதம் தாங்கிய ஆட்களை உள்ளூர்க் கிளர்ச்சிக்காரர் வேடத்தில் காஷ்மீருக்குள் அனுப்பியது. ஆபரேஷன் ஜிப்ரால்டர் என்று பெயர். மக்கள் எழுவார்கள் என்று கணக்குப் போட்டது, மக்கள் எழவில்லை. பிற நாட்டுக்குள் ஆயுதக் கும்பலை அனுப்புவதை ஆக்கிரமிப்பு என்றே 1974-இல் ஐ.நா. வரையறுத்தது. சட்டத்தில் இது முக்கியமான கோடு: மண்ணின் மக்கள் எழுவது ஒன்று, எழுந்ததுபோல் அண்டை நாடு காட்டுவது இன்னொன்று. ஆனால் அதே அளவுகோலை அப்துல்லாவுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, கேட்டது வாக்கெடுப்பு. 1948 ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை 47-ஆவது தீர்மானத்தில் சொன்னதும் அதைத்தான். ஆயுதம் எடுத்தவனைச் சட்டவிரோதி என்று சொல்லும் அரசு, எடுக்காதவனைக் கோகினூரில் வைத்தால், அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை? ஜெயப்பிரகாஷ் நாராயண் 1966-இல் இந்திரா காந்திக்கு எழுதியதும் ஏறக்குறைய இந்த நியாயத்தைத்தான். 1968 ஜனவரியில் அப்துல்லா முழுமையாக விடுதலையானார். 1975 உடன்பாட்டுக்குப் பின் முதலமைச்சர் ஆனார். நேற்றைய கைதி இன்றைய முதல்வர்.

ஈழ வழக்கில் வாதம் விருப்பாட்சியை அப்படியே ஒத்திருக்கிறது. 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானம், யாழ்ப்பாண அரசு 1619-இல் போர்த்துக்கீசரிடம் வீழ்ந்தது, ஆங்கிலேயர்தான் தீவை ஒரே நிர்வாகமாக்கினார்கள் என்று வரலாற்றை அடுக்கியது. கையளித்தவனுக்கே இல்லாத உரிமை வாங்கியவனுக்கு எப்படி வந்தது என்பதே அதன் சாரம். 1983-இல் இலங்கை ஆறாவது திருத்தத்தால் இந்தக் கேள்வியைச் சட்டசபையில் கேட்கும் வழியையே அடைத்தது. அதன் பிறகு ஆயுதம் எடுத்தவர்கள்தான் மேடையில் மிஞ்சினார்கள். பேச்சுக்கு வழி அடைத்தது கொழும்பு செய்த பிழை. தற்கொலைத் தாக்குதல், சிறுவரைப் படையில் சேர்த்தது, 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியது ஆகியவை விடுதலைப் புலிகள் செய்த குற்றங்கள். முன்னது பின்னதை நியாயமாக்காது. கோரிக்கை நியாயமா என்பதும் போரிட்ட முறை நியாயமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதைச் சட்டம் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் தெளிவாக்கியிருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் சட்டத்தின் உருப்படியான சாதனை இது ஒன்றுதான்.

அந்தச் சாதனையும் தேய்ந்து வருகிறது. 2017 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், புலிகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், ஆயுத மோதலில் ஒரு படை செய்யும் செயல்களையும் ஒன்றியத்தின் சட்டப்படி பயங்கரவாதம் என்று கொள்ளலாம் என்றது. போர்விதிகளை மதித்துப் போரிட்டாலும் மதிக்காமல் போரிட்டாலும் ஒரே பட்டியல்தான் என்றால், மதிக்க எவனுக்கு அக்கறை வரும்? வாட்டெல் பயந்தது இதற்குத்தான். ஆறுதலான தீர்ப்பு அதே ஆண்டு கொழும்பிலிருந்து வந்தது: கூட்டாட்சி கேட்பது பிரிவினை ஆகாது என்று ஆகஸ்ட் 4 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது. நாற்பது ஆண்டுகள் முன்னதாக வந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

பழனி மலையில் கடைசியாகத் துப்பாக்கி வெடித்தது பாளையக்காரர் காலத்தில் இல்லை. 2008 ஏப்ரலில் வடகவுஞ்சிக் காட்டில் காவல்துறையோடு நடந்த மோதலில் மாவோயிஸ்ட் ஒருவர் கொல்லப்பட்டார். மலைமக்களின் பெயரால் நடப்பதாகச் சொல்லப்பட்ட போரில் மலைமக்கள் இல்லை.

அவர்கள் எப்போதுமே இல்லை. பளியரிடையே 1960-களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை மூளும் இடத்திலிருந்து விலகிப் போய்விடுவதே அவர்கள் வழக்கம் என்று பதிவு செய்தார். மலையில் பழைய உரிமை யாருக்கு உண்டோ அவர்கள் ஆயுதமே எடுக்கவில்லை. எடுக்காததால் எந்த உடன்படிக்கையிலும் எந்தப் பிரகடனத்திலும் அவர்கள் பெயர் ஏறவில்லை. 1845-இல் அமெரிக்கப் பாதிரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியபோதும், 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தபோதும், 2013-இல் 608 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோதும் கோடு போட்டவர்கள் வேறு யாரோ.

2006-இன் வன உரிமைச் சட்டம் முதன்முறையாக அவர்களைக் கேட்டது. தமிழ்நாட்டில் அதற்கும் தடங்கல்: 2008-இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால ஆணையால் உரிமைச் சான்று வழங்குவது தடைப்பட்டு, 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் வழி பிறந்தது. புலையர் நிலை இன்னும் சிக்கல். மலையில் பழங்குடியாகவே வாழ்ந்தும் பட்டியல் சாதியில் வைக்கப்பட்டிருப்பதால், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு நிற்கிறார்கள். இப்போதைய நிலையில் அவர்கள் மூன்று தலைமுறை, எழுபத்தைந்து ஆண்டுகள் குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். பளியருக்கு அந்த நிபந்தனை இல்லை.

விருப்பாட்சியில் கோபால் நாயக்கருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது, நல்லது. மலைக்கு மேலே தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது வேறு: பளியர் குடியிருப்புகளில் கிராம சபை கூட்டி, தனிநபர் உரிமையையும் சமூக உரிமையையும் அளந்து எழுதிச் சான்றைக் கையில் கொடுக்க வேண்டும், புலையர் கோரிக்கையை மத்திய அரசிடம் விடாமல் வலியுறுத்த வேண்டும். சரணாலயத்துக்குள் இருப்பதைக் காரணம் காட்டித் தள்ள முடியாது. உரிமை ஆய்வு முடியும் வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 4(5) பிரிவே சொல்கிறது.